பதினொன்றரைக்குக் கட்ட வேண்டிய கயிறு

என்னை ஏன் மலேசியாவின் ஈப்போவிலிருந்து மரக்காணத்துக்கு வரவழைக்கிறார்கள் என்பதை வினோத் முதல் தொலைபேசி உரையாடலிலேயே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"எங்க ஆளுங்க யாரும் யாரையும் நிறுத்த மாட்டாங்க மேடம். நிறுத்தினா, அடுத்த மாசம் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுன்னு யோசிப்பாங்க. நீங்கன்னா திட்டு வாங்கிட்டு ஃப்ளைட் ஏறிடலாம்."

வினோத் புதுச்சேரியில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். மரக்காணம் உப்பளக் கரையில் முதல் முறையாக ஒரு நெடுந்தூர டிரையத்லான் நடத்தத் துணிந்திருந்தார். கழிமுகத்தில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், அது முடிந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 90 கிலோமீட்டர் சைக்கிள், அதுவும் முடிந்ததும் உப்பள வரப்புகளில் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டரை மணி நேரம். நடுவில் நீச்சலுக்கு ஒரு கெடு, சைக்கிளுக்கு ஒரு கெடு. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் 7.10, 11.30, 2.30. இந்த மூன்று நேரங்களில் எல்லைக் கோட்டைக் கயிறு கட்டி மூடி, பிந்தியவரை நிறுத்துவது என் வேலை.

ஈப்போவில் தராசு, வெப்பமானி, ஸ்டாப்வாட்ச் போன்றவற்றைச் சரிபார்த்து முத்திரையிடும் சிறிய ஆய்வகத்தில் இருக்கிறேன். விடுமுறை நாட்களில் பதினெட்டு ஆண்டுகளாக இத்தகைய போட்டிகளில் கோட்டருகே நிற்கிறேன். என்னிடம் கெஞ்சியவர்கள், அழுதவர்கள், ஒருமுறை பாதி தின்ற வாழைப்பழத்தை என்மேல் வீசியவர், எல்லாரும் என் நாட்குறிப்பில் நேரத்தோடு இருக்கிறார்கள். வாழைப்பழக்காரர் நான்கு நிமிடம் ஆறு விநாடி தாமதம்.

வெள்ளிக்கிழமை.

பெரிய முதலியார்சாவடியில் ஒரு விருந்தினர் விடுதியில் அறை. மரக்காணம் போய்ப் பாதையைப் பார்ப்பதற்காக ஒன்பது மணிக்கு ஆட்டோ சொல்லியிருந்தேன். இடையஞ்சாவடியிலிருந்து குமார் என்பவர் 9.25க்கு வந்து சேர்ந்தார். ஒன்பது மணி என்றுதானே சொன்னேன் என்று கேட்டேன்.

"ஆமா மேடம், ஒம்பதுக்குத்தான் கெளம்பினேன்" என்றார், மிகுந்த நேர்மையோடு.

சற்று தூரம் போனதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. டிவியில நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசுறீங்க. வீட்லயும் இப்படித்தானா?"

வீட்டிலும் இப்படித்தான் என்றேன். வீட்டில் இருப்பவர்களுக்காக அவர் சற்று வருந்தியது போலத் தெரிந்தது.

டீசல் போட முதலில் தெற்கே திரும்பிய ஆட்டோ கோட்டக்குப்பம் சந்திப்பில் நின்றது. எதிரே, இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே, ஒரு பெரிய ஃபிளெக்ஸ் போர்டு. கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒருவர் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். மேலே வானத்தில் இரண்டு புறாக்கள். கீழே எழுத்து: "மரக்காணம் டிரையத்லான் போட்டியை வெற்றிகரமாக நிறைவு செய்து ஊருக்குப் பெருமை சேர்த்த அன்சாரி அவர்களை வாழ்த்தி மகிழ்கிறோம்."

போட்டி ஞாயிற்றுக்கிழமை. அன்று வெள்ளி. நான் தேதியை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டேன்; முதல் சந்தேகம் எப்போதும் என் மேல்தான்.

"போட்டி இன்னும் நடக்கவில்லையே" என்றேன்.

குமாரும் அதை அப்போதுதான் கவனித்தார். பக்கத்து இரும்புக் கடையிலிருந்து ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவரைக் கூப்பிட்டார். அன்சாரியின் அண்ணன் ரஹீம் பாய். போர்டு வைத்தவர் அவர்தான்.

"ஞாயித்துக்கெழம பிரிண்டிங் கடை லீவு" என்றார் ரஹீம் பாய். "திங்கக்கெழம குடுத்தா செவ்வாக்கெழம வரும். செவ்வாக்கெழம தம்பி ஓமானுக்கு ஃப்ளைட்டு. அவன் ஏறிப் போன பெறகு யாரு பாக்குறதுக்கு போர்டு?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவேளை முடிக்காவிட்டால் என்று மட்டும் கேட்டேன்.

"ஓமான்ல ரெண்டு தடவ நிறுத்திட்டாங்கம்மா அவன. ரெண்டு தடவையும் சைக்கிளோட. அங்க அரபிக்காரன் ரூல்ஸு, ஒண்ணும் பண்ண முடியாது. இது நம்ம ஊரு. நம்ம ஊர்ல யாரு நிறுத்தப் போறா?" என்றவர், "நீங்க எந்த ஊரும்மா, போட்டி பாக்கவா வந்துருக்கீங்க?" என்றார்.

ஆமாம், பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அது பொய் அல்ல.

மதியம் மரக்காணத்தில் ஒரு மெஸ்ஸில் எறா தொக்கும் சோறும். எங்கள் ஊரில் இறாலைப் பெரிதாகத் தேர்ந்தெடுத்துத் தட்டில் எண்ணி வைப்பார்கள். இங்கே சுண்டு விரல் நகம் அளவு இறால், எண்ண முடியாத அளவுக்கு. தொக்கில் உப்பு சற்று தூக்கலாக இருந்தது. பரிமாறியவரிடம் சொன்னேன். "இந்த ஊர்ல வந்து அதச் சொல்றீங்களே" என்று அவர் இன்னொரு கரண்டி வைத்தார்.

பாதை ஒழுங்காக இருந்தது. சாலையிலிருந்து உப்பளத்தின் ஓரமாக ஒரு திடல். சைக்கிள் அங்கே முடிந்து, ஓட்டம் அங்கேயே தொடங்கும். ஏழு கிலோமீட்டர் சுற்று, மூன்று முறை. வரப்புகள் நேராக, கோடு போட்டது போல. பாத்திகளில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நான் நின்ற இடத்திலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் மரம் இல்லை, கட்டடம் இல்லை. எவ்வளவு தூரத்தில் இருப்பவரும் தெரிவார். அதை ஒரு வசதி என்று நாட்குறிப்பில் எழுதினேன்.

சனிக்கிழமை.

விடுதியில் எதிர் மேசையில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி. மனைவி கிளேர் போட்டியாளர்; கணவர் துணைக்கு. இருவரும் என்னைப் பார்த்துப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். இடியாப்பமும் பாயாவும் கொண்டுவந்த செல்விக்குப் பக்கத்து இரும்பை கிராமம் சொந்த ஊர். வெள்ளைக்காரர்கள் வீடுகளில் சமைத்துச் சமைத்துப் பிரெஞ்சு கற்றவர்.

"உங்களப் பத்திதான் மேடம் பேசுறாங்க" என்றார் மெதுவாக.

"என்ன பேசுகிறார்கள்?"

"'நாளைக்கு நம்மள நிறுத்தப் போறது இந்தம்மாதான், இது சிரிச்சு யாராச்சும் பாத்துருக்காங்களா'ன்னு அந்தம்மா கேக்குறாங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"அவருக்கும் தெரியல. எங்கிட்ட கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன். எனக்குத் தெரியாதில்ல மேடம்?"

பாயா நன்றாக இருந்தது. ஈப்போவில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவைக் குழம்பில் தொட்டுக்கொள்வோம். இங்கே இடியாப்பத்தைக் குழம்பில் மூழ்கடித்துவிடுகிறார்கள்.

மாலை நான்கு மணிக்கு மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டியாளர்களுக்கான விளக்கக் கூட்டம். 4.50க்குத் தொடங்கியது. நேரக் கெடு பற்றிய கூட்டம் ஐம்பது நிமிடம் தாமதமானதைப் பற்றி மண்டபத்தில் இருந்த எழுபத்தொரு போட்டியாளரில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுந்து மூன்று கெடுக்களையும் சொன்னேன். ஒரு விநாடி தாமதமும் தாமதம்தான் என்றேன். ஒருவர் கையைத் தூக்கினார்.

"மேடம், எட்டரை மணி நேரம்னா, சுமாரா ஒம்பதுன்னு வச்சுக்கலாங்களா?"

வைத்துக்கொள்ளக் கூடாது என்றேன். மண்டபத்தில் ஒரு சிறு வருத்தம் பரவியது.

அடுத்துக் கையைத் தூக்கியவர் போர்டில் இருந்தவர். கண்ணாடி இல்லாமல் இன்னும் மெலிந்து தெரிந்தார்.

"சைக்கிள் கட்-ஆஃப் எதை வச்சு மேடம் எடுப்பீங்க? முன் சக்கரமா, எறங்கி ஊன்ற காலா?"

பதினெட்டு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் மூன்று பேர். முன் சக்கரம் என்றேன். அவர் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் வந்து பேசினார். ஓமானில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர். அரை மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பார்த்து எழுத வேண்டும்.

"ரெண்டு டிகிரி ஏறுச்சுன்னா லோடு முழுக்கத் தூக்கிப் போட்டுடணும் மேடம். நல்லாத்தான் இருக்கும் பாக்க. ஆனா போட்டுடணும்" என்றார். "மொத தடவ ஒம்பது நிமிஷம் லேட்டு. ரெண்டாவது தடவ மூணு நிமிஷம். அடுத்த லீவு ரெண்டு வருஷம் கழிச்சு. அப்ப எனக்கு நாப்பத்தொம்போது."

"போர்டைப் பார்த்தேன்" என்றேன்.

"நானும் பாத்தேன்" என்றார். "எறக்கச் சொன்னா அண்ணன் அழுதுடுவாரு. முடிச்சுடுறது சுலபம்."

தொண்டர்களிலிருந்து எனக்கு ஒரு துணை அதிகாரியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நான்கு மணிக் கூட்டத்துக்கு 3.50க்கே வந்து உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருவர்: ஏழுமலை, டவுன் பஸ்ஸில் முப்பத்தொரு ஆண்டு நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இரண்டு பேனா. எழுத்து முத்து முத்தாக இருந்தது. "ஒரு நாள் கூட லேட்டா வண்டி எடுத்ததில்ல மேடம்" என்றார். என்னுடைய இரண்டாவது ஸ்டாப்வாட்சை அவரிடம் கொடுத்தபோது எனக்கு ஒரு நிம்மதி ஏற்பட்டதை மறைக்க விரும்பவில்லை.

விடுதிக்குத் திரும்பினால் என் அறை வாசலில் ஒரு அடுக்குப் பாத்திரம். ரஹீம் பாய் அனுப்பியது. நான் யார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மேல் அடுக்கில் தால்ச்சா, கீழே பிரியாணி. விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஊக்கமருந்து பற்றி நான்கு பக்கம் இருந்தது. பிரியாணி பற்றி ஒரு வரி இல்லை. சாப்பிட்டேன். பிறகு அதிகாரிகள் நிரப்ப வேண்டிய உறுதிமொழிப் படிவத்தில், "வேறு தகவல்கள்" என்ற இடத்தில் எழுதினேன்: "போட்டியாளர் ஒருவரின் அண்ணனிடமிருந்து பிரியாணி, தால்ச்சா. மீதி வைக்கவில்லை."

ஞாயிற்றுக்கிழமை.

ஆறு மணிக்குத் தொடங்க வேண்டும். 5.58க்குச் சிறப்பு விருந்தினரைக் காணவில்லை. கொடியசைக்க அவர்தான் வருவதாக ஏற்பாடு. காத்திருக்கலாமா என்று வினோத் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காத்திருக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சரியாக 6.00.00க்கு எழுபத்தொரு பேரும் தண்ணீரில் இறங்கினார்கள்.

6.25க்குச் சிறப்பு விருந்தினர் மாலையோடும் புகைப்படக்காரரோடும் வந்தார். எல்லாரும் போய்விட்டார்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. தொண்டர்கள் பன்னிரண்டு பேர் மீதமிருந்த நீச்சல் தொப்பிகளை மாட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். அவர் கொடியசைத்தார். பன்னிரண்டு பேரும் ஆறு அடி நீந்தி நின்றார்கள். படம் நன்றாக வந்தது. உண்மையான தொடக்கத்தை யாரும் படமெடுக்கவில்லை.

நீச்சல் கெடுவுக்குள் வராதவர்கள் நால்வர். நான்கு பேரும் சண்டை போடாமல் டீ குடிக்கப் போனார்கள். அன்சாரி ஒரு மணி ஆறு நிமிடத்தில் கரையேறினார். என்னைப் பார்த்து நான்கு விரல்களைக் காட்டினார்: நான்கு நிமிடம் மிச்சம்.

சைக்கிள் பாதையின் வடக்குத் திருப்பத்தைப் பார்த்துவிட்டு 11 மணிக்குள் திடலுக்குத் திரும்பிவிடலாம் என்று தொண்டர் ஒருவரின் காரில் போனேன். திரும்பும்போது 10.50க்கு ஒரு தடுப்பில் காவலர் ஒருவர் காரை நிறுத்தினார்.

"ரேஸ் நடக்குது. ஒரு வண்டியும் விடுறதுக்கு இல்ல."

"அந்த ரேஸ் அதிகாரியே நான்தான்" என்று அட்டையைக் காட்டினேன்.

அவர் அட்டையை முழுதும் படித்தார். "அதிகாரி நீங்களே ரூல மீறலாமா மேடம்?"

அந்த வழி முழுவதிலும் விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்த ஒரே மனிதரிடம் நான் மாட்டிக்கொண்டேன். ஏழுமலைக்குத் தொலைபேசினேன். பதினொன்றரைக்குக் கயிற்றைக் கட்டிவிடுங்கள் என்றேன். "நீங்க கவலையே படாதீங்க மேடம், நான் பாத்துக்கிறேன்" என்றார். அரை மணி நேரம் கழித்து உப்பளத்துக்குப் போகிற டிராக்டர் ஒன்று உள்வழியாகப் போவதைப் பார்த்து, பின்னால் மண்வெட்டிகளுக்கும் காலிச் சாக்குகளுக்கும் நடுவே ஏறிக்கொண்டேன். திடலில் இறங்கியபோது 11.52.

இரண்டு சவுக்குக் கட்டைகளுக்கு நடுவே நீலக் கயிறு கட்டியிருந்தது. ஏழுமலை நோட்டை நீட்டினார். ஒவ்வொரு வண்டியின் எண்ணும் நேரமும் விநாடியோடு. கடைசிப் பதிவு: எண் 58, அன்சாரி, 11.41.20. அதற்குக் கீழே: கயிறு கட்டியது, 11.42.

"கெடு பதினொன்றரை" என்றேன்.

"ஆமா மேடம்."

"இவர் பதினோரு நிமிடம் இருபது விநாடி தாமதம்."

"ஆமா மேடம், எழுதியிருக்கேனே."

"பிறகு ஏன் உள்ளே விட்டீர்கள்?"

ஏழுமலை என்னைச் சற்றுப் பரிதாபமாகப் பார்த்தார். "பதினொன்னு இருவத்தொம்போதுக்கே ஆள் கண்ணுல பட்டுட்டாரு மேடம். அதோ, அந்த வளைவுல. மஞ்ச ஹெல்மெட்டு. எதிர்காத்து, மிதிக்க முடியாம வர்றாரு. கண்ணுல பட்ட ஆள உட்டுட்டு எப்படி மேடம் விசில் குடுக்குறது? முப்பத்தியொரு வருசத்துல ஓடி வர்ற ஆள் ஒருத்தர உட்டுட்டு நான் வண்டி எடுத்ததில்ல."

அவர் காட்டிய வளைவு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. தெளிவாகத் தெரிந்தது. எல்லாமே தெளிவாகத் தெரிகிற அந்த ஊரில் ஏழுமலையின் முறைப்படி யாருமே தாமதமாக வர முடியாது.

அவர்மேல் கோபப்படும் தகுதியும் எனக்கு இல்லை. அன்று பதினொன்றரைக்குப் பிறகு திடலுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். அதில் அதிகத் தாமதம் நான்.

விதி தெளிவானது. கெடு தாண்டியவர் தவறுதலாக உள்ளே விடப்பட்டாலும், தெரிந்தவுடன் விலக்கப்பட வேண்டும். அன்சாரி அப்போது முதல் சுற்றில் எங்கோ வரப்பில் இருந்தார். சுற்று முடித்துத் திடலுக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை நான் காத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை மூன்று விதமாக யோசித்தேன். மூன்றும் டிவி செய்தி போலவே இருந்தன.

உப்பளத்தில் காலை வேலை முடிந்த பெண்கள் சிலர் குடத்தோடும் தூக்குவாளியோடும் ஓரமாக உட்கார்ந்து ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, இவங்கள எதுக்கு இந்த வெயில்ல ஓட உட்டுருக்காங்க, எதுனா கேசா?" என்றார் ஒருவர் என்னிடம்.

அவர்களாகவே விரும்பி ஓடுகிறார்கள் என்றேன்.

"காசு குடுப்பாங்களா?"

இல்லை, இவர்கள்தான் கட்ட வேண்டும் என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "கேளுடி இந்தக் கூத்த" என்றார்.

12.39க்கு அன்சாரி வந்தார். நான் நின்ற இடத்தைப் பார்த்ததுமே வேகத்தைக் குறைத்தார். என் முன்னால் வந்து நின்று, நான் வாயைத் திறக்கும் முன் சட்டையிலிருந்து ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

"பதினொன்னு நாப்பத்தியொண்ணு மேடம். என் வாட்ச்சுல பாத்தேன். முன் சக்கரம் கோட்டத் தொட்டப்ப." எண் 58 என்ற தாளையும், கணுக்காலில் கட்டியிருந்த பதிவுப் பட்டையையும் என் கையில் வைத்தார். "கயிறு கட்டியிருக்கும்னு நெனச்சுதான் வந்தேன். ஏழுமலண்ணன் போ போன்னாரு. கால் போயிடுச்சு. ஒரு சுத்து முழுக்க யோசிச்சுக்கிட்டே ஓடினேன், நீங்க இங்க நிப்பீங்கன்னு தெரியும்."

நான் தயாரித்து வைத்திருந்த மூன்றில் ஒன்றும் தேவைப்படவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னேன். நான் செய்ய வேண்டிய வேலையை அவரே செய்துவிட்டதில் எனக்கு உண்டான ஆறுதல் அவ்வளவு கௌரவமானது அல்ல. இருந்தாலும் குறித்து வைக்கிறேன்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "இந்த வரப்பு யாரு வேணா போற வழிதானே?"

"ஆமாம்."

"அப்ப நான் சும்மா போறேன். ரேஸ்ல இல்ல. ரெண்டு சுத்து பாக்கி இருக்கு."

உடலுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றேன். முதலுதவி மோட்டார் பைக் உங்கள் பின்னாலேயே வரும், அவர்கள் நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும் என்றேன். சரி என்றார். தண்ணீர் மேசைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தவர், நின்று என்னைப் பார்த்தார். மேசையிலிருந்த தண்ணீர் போட்டியாளர்களுக்கு. குடித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்குள், கேசா என்று கேட்ட பெண் தன் குடத்தைச் சாய்த்துத் தூக்குவாளி மூடியில் ஊற்றி நீட்டினார்.

"இந்தாப்பா. இது கவர்மெண்டுத் தண்ணியில்ல, குடி."

குடித்துவிட்டு ஓடினார்.

இரண்டு மணிக்குத் திடல் நிறைந்துவிட்டது. கோட்டக்குப்பத்திலிருந்து இரண்டு வேனில் ஆட்கள் வந்திருந்தார்கள். ரஹீம் பாய் கையில் ரோஜா மாலை; வாட விடாமல் அடிக்கடி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எண் கழற்றப்பட்டது அவர்களில் யாருக்கும் தெரியாது. என்னிடம் வந்து, "பிரியாணி எப்படிம்மா இருந்துச்சு?" என்றார். நன்றாக இருந்தது என்றேன். "முடிச்சுடுவானில்ல?" என்றார். தூரம் முழுவதையும் ஓடிவிடுவார் என்று நினைக்கிறேன் என்றேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியது தம்பியுடைய செய்தி, என்னுடையது அல்ல என்று தோன்றியது. அல்லது எனக்குத் துணிவில்லை. இரண்டில் எது என்று இப்போதும் உறுதியாக எழுத முடியவில்லை.

2.26.10க்கு அன்சாரி கடைசித் திருப்பத்தைக் கடந்து திடலுக்குள் வந்தார். வேனில் வந்தவர்கள் எழுந்து கத்தினார்கள். முடிவுக் கோட்டுக்கு மூன்று அடி முன்னால் வந்து அவர் நின்றுவிட்டார். முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றார்.

"டேய், உள்ள போடா" என்றார் ரஹீம் பாய். "அங்க என்னடா நிக்கிற?"

"பாய், இன்னும் ரெண்டு அடிதான் பாய், வாங்க" என்று கூட்டம்.

ஏழுமலை என்னருகில் ஓடி வந்தார். "மேடம், மூச்சு வாங்குது போலருக்கு. தள்ளி விட்டுடவா?"

"தொடாதீர்கள்" என்றேன்.

அன்சாரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "கோடு இன்னும் தொறந்துதானே மேடம் இருக்கு?"

"இன்னும் மூன்று நிமிடம் நாற்பது விநாடி."

"மூடுங்க. அப்பறம் போறேன். ரேஸ்ல இல்லாதவன் தொறந்த கோட்டுல போனா தப்பு."

ரஹீம் பாய் மாலையோடு கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கெஞ்சினார், அதட்டினார், வாப்பா பெயரைச் சொன்னார். அன்சாரி நகரவில்லை. 2.28.41க்குக் கிளேர் தட்டுத் தடுமாறி வந்தார். அன்சாரி ஒதுங்கி வழிவிட்டு, கைதட்டினார். கிளேர் கோட்டைக் கடந்து என்னைப் பார்த்து ஏதோ பிரெஞ்சில் சொன்னார். செல்வி அங்கே இல்லாததால் அது என்னவென்று தெரியாது.

பதினெட்டு ஆண்டுகளில் என்னிடம் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: இன்னும் ஒரு நிமிடம் திறந்து வையுங்கள். அன்சாரி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டு, "சீக்கிரம் மூடுங்க மேடம், கால் வலிக்குது" என்றார்.

சீக்கிரம் மூட எனக்கு அதிகாரம் இல்லை. 2.30.00க்கு மூடினேன். பதிவுக் கருவியை நிறுத்தினேன். கயிற்றின் ஒரு முனையை ஏழுமலை கட்டையில் கட்டினார். முடிச்சு இரண்டு முறை நழுவியது.

"மூடியாச்சா?"

"மூடியாயிற்று."

அன்சாரி கயிற்றைக் கையால் தூக்கி, அதன் அடியில் குனிந்து, இந்தப் பக்கம் வந்தார். வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரஹீம் பாய் மாலையைப் போடவில்லை. என்னிடம் திரும்பினார். "டைம் என்னம்மா போட்டீங்க?"

"போடவில்லை" என்றேன்.

"லேட்டுண்ணே" என்றார் அன்சாரி கீழேயிருந்து. "சைக்கிள்லயே. பதினோரு நிமிஷம் இருவது செகண்டு."

"என்னடா லேட்டு?" என்றார் ரஹீம் பாய். "நான் இங்கதானடா நிக்கிறேன், நாலு நிமிஷம் முன்னாடியே வந்துட்டியேடா. இத்தனி பேரு பாத்தாங்களேடா."

"வந்துட்டேன்" என்றார் அன்சாரி. "இந்த லேஸ கொஞ்சம் அவுத்து விடுங்கண்ணே. குனிய முடியல."

ரஹீம் பாய் கையிலிருந்த மாலையை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். பிறகு அதைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு, தம்பியின் எதிரே மண்ணில் மண்டியிட்டு, உப்பு ஏறி இறுகியிருந்த முடிச்சை நகத்தால் நெம்பத் தொடங்கினார்.